பழைய மாருதி 800-இல் சிந்தெடிக் ஆயில்: கசிவுக்குக் காரணம் ஆயிலா, இன்ஜினா?

மெக்கானிக் ஷெட்டுகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது: “இத்தனை வருஷமா கீழே ஒரு சொட்டு விழாத வண்டி. சிந்தெடிக் மாத்தினோம், ரெண்டே மாசத்துல போர்ட்டிகோ முழுக்க ஆயில்.” இதற்கு ஷெட்டில் கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: “பழைய வண்டிக்கு சிந்தெடிக் ஆகாது, பழையபடி இருபது-ஐம்பதே ஊத்துங்க.” (20டபிள்யூ-50 என்ற தடித்த மினரல் ஆயிலைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.) புகார் உண்மை. பதில் பாதிதான் உண்மை. அந்த மீதிப் பாதியைப் பிரித்துப் பார்க்க, கார்புரேட்டர் வைத்த மாருதி 800-ஐ இங்கே எடுத்துக்கொள்கிறோம். இது ஒரு தனி வண்டியின் கதை அல்ல. ஒரே இன்ஜின், ஒரே வகைப் பராமரிப்பு, ஒரே மாதிரியான புகார் என்று திரும்பத் திரும்ப வரும் ஒரு ரகத்தைப் பற்றிய ஆய்வு.

வண்டியும் இன்ஜினும்

மாருதி 800 முதன்முதலில் வாடிக்கையாளர் கைக்கு வந்தது 1983 டிசம்பரில். உற்பத்தி நின்றது 2014 ஜனவரியில். 2000-ஐ ஒட்டி எம்பிஎஃப்ஐ (பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் முறை) வரும்வரை ஓடியதெல்லாம் மிக்குனி கார்புரேட்டரில்தான். அந்தக் கார்புரேட்டரைச் செய்துகொடுத்தது சென்னையை அடுத்த மறைமலைநகரில் இருக்கும் யூகால் நிறுவனம். இன்ஜின் சுசுகியின் எஃப்8பி: 796 சிசி, மூன்று சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு வால்வு, போர் 68.5 மி.மீ., ஸ்ட்ரோக் 72 மி.மீ. பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம், கேம் ஷாஃப்ட் மேலே, அதைச் சுழற்றுவது டைமிங் பெல்ட்.

ஆயில் வெளியே வரக்கூடிய இடங்களை முதலில் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். டைமிங் கவருக்குள்ளே இரண்டு: கிராங்க் முன் சீல், கேம் சீல். கியர்பாக்ஸ் பக்கம் ஒன்று: கிராங்க் பின் சீல். கேம் ஷாஃப்ட்டின் மறுமுனையில் டிஸ்ட்ரிபியூட்டர் உட்காரும் இடத்து ஓ-ரிங். மேலே டப்பெட் கவர் பேக்கிங். கீழே ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பின் பேக்கிங், டிரெயின் போல்ட் வாஷர். இவை போக ஆயில் பிரஷர் சுவிட்ச், ஃபில்டரின் ரப்பர் வளையம், மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப்பின் பேக்கிங். இதில் எது கசிந்தாலும் காற்று பின்னால் தள்ளி, கடைசியில் சம்ப்பின் அடியிலிருந்துதான் சொட்டும். அதனால்தான் சம்ப் பேக்கிங்கை மூன்று தடவை மாற்றியும் கசிவு நிற்காத வண்டிகள் இருக்கின்றன.

டைமிங் கவருக்குள் கசிவதை அசட்டை செய்யக் கூடாது. ஆயிலில் ஊறிய பெல்ட்டின் ரப்பர் உப்பும், பல் பிய்ந்து போகும். பின் சீல் கசிந்தால் கிளட்ச் பிளேட் நனையும். மேட்டில் இன்ஜின் உறுமும், வண்டி நகராது.

டின்னுக்குள் இருப்பது என்ன

“ஃபுல் சிந்தெடிக்” என்று எழுதியிருந்தாலே எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. அடிப்படை ஆயிலை ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்) ஐந்து குரூப்பாகப் பிரிக்கிறது. முதல் இரண்டும் மினரல். மூன்றாவது, கச்சா எண்ணெயிலிருந்து வந்ததையே ஹைட்ரஜன் கொண்டு கடுமையாகச் சுத்திகரித்தது. அதன் பாகுநிலைக் குறியீடு (சூட்டில் தடிமன் எவ்வளவு மாறாமல் நிற்கிறது என்பதன் அளவு) 120-க்குக் குறையக் கூடாது. நான்காவது பிஏஓ (பாலிஆல்ஃபாஓலிஃபின்), மூலக்கூறுகளைக் கோத்துச் செய்தது. எஸ்டர் போன்ற மற்றவை ஐந்தாவது. 1999-இல் அமெரிக்காவில் மொபில், காஸ்ட்ரால் இடையிலான விளம்பரத் தகராறில், மூன்றாம் குரூப்பையும் சிந்தெடிக் என்று விற்கலாம் என்று தீர்ப்பானது. இன்று கடையில் வாங்கும் சிந்தெடிக்கில் பெரும்பகுதி மூன்றாம் குரூப்பைச் சேர்ந்ததுதான். அது மோசமான சரக்கு அல்ல. ஆனால், சீலை அது எப்படி நடத்தும் என்பதில் பிஏஓவுக்கும் அதற்கும் வேறுபாடு உண்டு.

பழைய முதல் குரூப் மினரல் ஆயிலில் இருக்கும் அரோமேட்டிக் பொருள்கள் சீலில் உள்ள நைட்ரைல் ரப்பரைச் சற்று உப்ப வைக்கும். சீல் அந்த உப்பலோடுதான் ஷாஃப்ட்டைப் பிடித்திருக்கும். பிஏஓ அதற்கு நேர் எதிர். தனியாக விட்டால் ரப்பரைச் சுருக்கும். மொபில் 1 அமெரிக்கக் கடைகளுக்கு 1974-இல் வந்தபோது அது 5டபிள்யூ-20. அந்தக் காலத்துக்கு மிக மெலிந்த ஆயில். ஆரம்பகாலச் சிந்தெடிக்குகள் பழைய சீல்களில் கசிந்ததிலிருந்துதான் “சிந்தெடிக் சீலைத் தின்னும்” என்ற பேச்சு கிளம்பியது. பிறகு பிஏஓவோடு எஸ்டர் கலந்து அந்தச் சுருக்கத்தைச் சமன் செய்தார்கள். இன்றைய ஆயிலில் அந்தக் குறை பெரும்பாலும் இல்லை. பேச்சு மட்டும் அப்படியே நிற்கிறது.

அப்படியானால் இன்றும் ஏன் கசிகிறது

நான்கு காரணங்கள். ஒரே வண்டியில் இரண்டோ மூன்றோ சேர்ந்தே இருக்கும்.

முதலாவது, சீல் ஏற்கெனவே போயிருக்கும். முப்பது வருட வெப்பத்தில் ரப்பர் கல்லாகி, ஷாஃப்ட்டைத் தொடும் உதடு தேய்ந்து, அந்த இடைவெளியை ஆயில் கசடும் வார்னிஷும் அடைத்துக்கொண்டிருக்கும். சரியாகச் சொன்னால், கசிவை நிறுத்தி வைத்திருப்பது சீல் அல்ல, அழுக்கு. புதிய ஆயிலில் உள்ள டிடர்ஜென்ட் அந்த அழுக்கைக் கரைக்கும். கரைந்ததும் ஓட்டை திறக்கும். இதற்குச் சிந்தெடிக்தான் வேண்டும் என்பதில்லை. நல்ல டிடர்ஜென்ட் உள்ள புது மினரல் ஆயிலும் இதையே செய்யும். 500 கி.மீ. முதல் 1,500 கி.மீ.க்குள் கசிவு தலைகாட்டினால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

இரண்டாவது, கிரேடு: டபிள்யூவுக்கு முன் உள்ள எண் குளிரில் ஆயிலின் தடிமனையும், பின் உள்ள எண் சூட்டில் அதன் தடிமனையும் குறிக்கும். இதுதான் பலர் கோட்டைவிடும் இடம். 20டபிள்யூ-50 மினரலிலிருந்து நேராக 5டபிள்யூ-30 சிந்தெடிக்குக்குத் தாவுவார்கள். அதில் மாறியது ஒன்றல்ல, இரண்டு: ஆயிலின் வகையும் தடிமனும். 40 டிகிரியில் ஒரு 20டபிள்யூ-50 சுமார் 160 செண்டிஸ்டோக் (ஆயில் தடிமனின் அலகு) இருக்கும். 15டபிள்யூ-40 என்றால் 110 பக்கம். 5டபிள்யூ-40 என்றால் 80-லிருந்து 90. 5டபிள்யூ-30 இன்னும் கீழே. ராத்திரி நிறுத்தி வைத்த வண்டியில் சீல் ஓரத்தில் தேங்கி நிற்கும் ஆயில், முன்பு இருந்ததில் பாதித் தடிமனோ அதற்கும் குறைவோதான். அதே இடைவெளியில் முன்பு ஈரம் காட்டியது, இப்போது சொட்டும். பழி சிந்தெடிக் மேல் விழும், செய்தது கிரேடு.

மூன்றாவது, மேலே சொன்ன ரப்பர் உப்பல் மாறுவது. இன்றைய ஆயில்களில் இதன் பங்கு சிறியது.

நான்காவதை யாரும் பார்ப்பதில்லை: கிராங்க் கேஸுக்குள் சேரும் அழுத்தம். பிஸ்டன் ரிங் வழியாகக் கீழே இறங்கும் புகை, டப்பெட் கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் பிரீதர் ஹோஸ் வழியாக வெளியேற வேண்டும். அந்த ஹோஸ் கசடால் அடைத்திருந்தாலோ, அந்தப் புகையை இன்ஜினுக்கே திருப்பிவிடும் பிசிவி வால்வு உள்ள வண்டியில் அது சிக்கியிருந்தாலோ, உள்ளே அழுத்தம் ஏறி ஆயிலைச் சீல் வழியாக வெளியே பிதுக்கும். புது சீல் போட்டாலும் ஒரே மாதத்தில் மறுபடி கசியும். ஹோஸைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி உலரவிட்டு மாட்டுவது பத்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் சீலுக்காக இன்ஜினை இறக்குவது வீண்.

மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஆயிலைத் தேர்ந்தெடுக்கும் முன் இன்ஜினை அளக்க வேண்டும். இந்த ஆய்வில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடமும் இதுதான்.

டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஊற்றாமலேயே மட்டம் ஏறியிருந்தாலோ, ஆயில் பேச்சை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். எஃப்8பியில் பெட்ரோல் பம்ப்பைத் தள்ளுவது கேம் ஷாஃப்ட். பம்ப்புக்குள் இருக்கும் டயஃப்ராம் கிழிந்தால் பெட்ரோல் இன்ஜினுக்குள் இறங்க வழி உண்டு. இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் வந்துவிட்ட இன்றைய நிலையில், பழைய ரப்பர் டயஃப்ராம் இறுகி வெடிப்பது கூடுதல் கவலை. கார்புரேட்டரின் நீடில் வால்வு சரியாக அடைக்காவிட்டாலும், சோக் முழுதாகத் திறக்காவிட்டாலும் இதே நிலைதான். பெட்ரோல் கலந்த ஆயில், அது எவ்வளவு விலையானாலும், பேரிங்கைக் காப்பாற்றாது.

அடுத்தது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். மூன்று பிளக்கையும் கழற்றி, காயில் ஒயரை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பிளக் ஓட்டையிலும் கம்ப்ரஷன் கேஜ் வைத்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். மூன்று சிலிண்டருக்கும் இடையில் ஒரு கிலோவுக்கு (சதுர செ.மீ.க்கு) மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் பிளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்தால் காரணம் தெரியும். முள் நன்றாக ஏறினால் ரிங் தேய்மானம் அல்லது ரிங் ஒட்டியிருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு சரியாக உட்காரவில்லை, அல்லது ஹெட் கேஸ்கெட். வால்வுக் கோளாறுக்கு எந்த ஆயிலும் மருந்து இல்லை.

மூன்றாவது ஆயில் பிரஷர். டேஷ்போர்டு சிவப்பு விளக்கை நம்பி இதை விட்டுவிடக் கூடாது. அந்த சுவிட்ச் வேலை செய்வது சுமார் 0.3 கிலோ அழுத்தத்தில். அது எரியும்போது இன்ஜின் ஏற்கெனவே பட்டினி. சுவிட்சைக் கழற்றி அந்த ஓட்டையில் கேஜ் மாட்டி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு நிமிடத்துக்கு 3,000 சுற்றில் பாருங்கள். மூன்று கிலோ பக்கம் வந்தால் பம்ப்பும் பேரிங்கும் நல்ல நிலையில் இருக்கின்றன. 20டபிள்யூ-50 ஊற்றியும் இரண்டைத் தொடவில்லை என்றால், மெலிந்த ஆயிலை நினைத்தே பார்க்கக் கூடாது.

புகையும் பேசும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு கொத்து நீலப் புகை வந்து அடங்கினால் வால்வு சீல் கல்லாகிவிட்டது. இறக்கத்தில் கால் எடுத்து, மறுபடி மிதிக்கும்போது வந்தாலும் அதே. ஓடும்போதெல்லாம், மிதிக்க மிதிக்க வந்தால் ரிங். கருப்புப் புகை ஆயில் விஷயமே அல்ல, கார்புரேட்டர் விஷயம். ஆயில் குடிக்கும் வண்டிக்குப் புகைப் பரிசோதனையிலும் சிக்கல் வரும். பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய நான்கு சக்கர வண்டிக்கு ஹைட்ரோகார்பன் வரம்பு 1,500 பிபிஎம், எரிந்த ஆயில் அந்தக் கணக்கில்தான் ஏறும்.

பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, ஐட்லிங்கில் அந்த வாயின் மேல் ஒரு மெல்லிய பாலித்தீன் தாளை வையுங்கள். தாள் அமைதியாக இருந்தாலோ லேசாக உள்ளே இழுக்கப்பட்டாலோ நல்லது. பொம்மென்று தூக்கி எறிந்தால் பிரீதர் அடைப்பு அல்லது ரிங். எது என்பதைக் கம்ப்ரஷன் கணக்கு சொல்லியிருக்கும்.

கடைசியாக டப்பெட் கவரைத் திறக்க வேண்டும். எப்படியும் அதன் பேக்கிங் மாற்ற வேண்டியதுதான் என்பதால் இதில் நஷ்டம் இல்லை. உள்ளே உலோகம் தேன் நிறத்தில் பளபளத்தால் வண்டி ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டிருக்கிறது. பழுப்பு வார்னிஷ் படிந்திருந்தால் ஆயில் மாற்றும் இடைவெளி தள்ளிப்போயிருக்கிறது. விரலால் வழிக்கும் அளவுக்குக் கருப்பு ஜெல்லி இருந்தால், அந்த இன்ஜினில் நல்ல டிடர்ஜென்ட் ஆயிலை நேராக ஊற்றுவது ஆபத்து. கட்டியாகக் கழன்று வரும் கசடு சம்ப்பில் உள்ள ஸ்ட்ரெய்னர் வலையை மூடும். பம்ப்புக்கு ஆயில் போகாது. கேம் முதலில் காயும், பிறகு பேரிங். “சிந்தெடிக் ஊத்தின உடனே இன்ஜின் ஜாம்” என்ற கதைகளில் பெரும்பாலும் நடந்தது இதுதான்.

எந்தக் கிரேடு

ஆயில் கிரேடுகளை வகுக்கும் எஸ்ஏஇ அளவுமுறையில் 100 டிகிரியில் 30 கிரேடு 9.3-லிருந்து 12.5 செண்டிஸ்டோக்குக்குள், 40 கிரேடு 12.5-லிருந்து 16.3-க்குள், 50 கிரேடு 16.3-லிருந்து 21.9-க்குள் இருக்க வேண்டும். பேரிங்கைக் காப்பது இதைவிட இன்னொரு எண்: 150 டிகிரியில் அழுத்தித் தேய்க்கும்போது ஆயில் எவ்வளவு தடிமனாக நிற்கிறது என்பது. 5டபிள்யூ-30-க்கு அதன் குறைந்தபட்சம் 2.9 (மில்லிபாஸ்கல்-விநாடி அலகில்), 5டபிள்யூ-40, 10டபிள்யூ-40 இரண்டுக்கும் 3.5, 15டபிள்யூ-40, 20டபிள்யூ-40, 50 கிரேடுகளுக்கு 3.7. அதாவது 20டபிள்யூ-40-லிருந்து 10டபிள்யூ-40-க்கு வந்தால் சூட்டில் இழப்பது சொற்பம். 5டபிள்யூ-30-க்கு வந்தால் இழப்பது பெரிது. முப்பது வருடத் தேய்மானம் உள்ள பேரிங் அந்த இழப்பைத் தாங்காது. சிக்னலில் நிற்கும்போது சிவப்பு விளக்கு மினுக்கும்.

சிந்தெடிக்கின் பெரிய விளம்பரம், குளிரில் உடனே ஓடும் என்பது. 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியில் சோதிக்கிறார்கள். 20டபிள்யூவை மைனஸ் 15-இல். சென்னை, மதுரை, திருச்சியில் மார்கழி விடியலிலும் இந்தக் கணக்குக்கு இடம் இல்லை. ஊட்டி, குன்னூர் வண்டி என்றால் ஓரளவு அர்த்தம் உண்டு. அங்கே ஜனவரி விடியலில் பூஜ்ஜியத்தை ஒட்டிப் போகும். சமவெளிக்காரருக்குச் சிந்தெடிக் தரும் உண்மையான லாபம் வேறு: மே மாத நெரிசலில் ஐட்லிங்கிலேயே வெந்துகொண்டிருக்கும் ஆயில் சீக்கிரம் கெட்டியாகாது, ஆவியாகிக் குறையாது, ரிங் பள்ளத்தில் கரி கட்டாது.

ஆகவே எங்கள் தீர்ப்பு இது. கம்ப்ரஷன், பிரஷர் இரண்டும் நல்ல நிலையில், உள்ளே சுத்தமாக இருக்கும் எஃப்8பிக்கு 10டபிள்யூ-40 செமி சிந்தெடிக் பொருத்தமானது. போர் வேலை (சிலிண்டரைக் கடைந்து சீராக்குவது) முடித்து, சீல் எல்லாம் புதிதாகப் போட்ட இன்ஜினுக்கு, ஓட்டிப் பதப்படுத்திய பிறகு, 5டபிள்யூ-40 ஃபுல் சிந்தெடிக் தாராளமாக ஊற்றலாம். சற்றே தேய்ந்த, ஆனால் ஓடும் இன்ஜினுக்கு 15டபிள்யூ-40. ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும் வண்டிக்கு 20டபிள்யூ-50 மினரலே போதும். விலை உயர்ந்த ஆயிலை எரித்துப் புகையாக விடுவதில் என்ன பயன்? 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 இரண்டும் இந்த இன்ஜினுக்கு எந்த நிலையிலும் வேண்டாம்.

ஜிங்க் பற்றி ஒரு வார்த்தை. எஃப்8பியின் ராக்கர் ஆர்ம் கேம் மேல் உருளாது, உரசிக்கொண்டே போகும். அப்படிப்பட்ட உரசலில் உலோகத்தைக் காப்பது ஆயிலில் உள்ள ஜிங்க்-பாஸ்பரஸ் சேர்மம். ஏபிஐ எஸ்எம் தரம் 2004-இல் வந்தபோது 30 கிரேடுகளுக்கும் அதற்கு மெலிந்தவற்றுக்கும் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்தினார்கள், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெடாமல் இருக்க. 40, 50 கிரேடுகளுக்கு அந்த மேல் வரம்பு இல்லை. மெலிந்த கிரேடைத் தவிர்க்க இது இன்னொரு காரணம். மற்றபடி, பழைய அமெரிக்க வி8 இன்ஜின்களைப் பற்றிப் படித்துவிட்டுத் தனியாக ஜிங்க் பாட்டில் வாங்கி ஊற்றத் தேவையில்லை. 800-இன் வால்வு ஸ்பிரிங் அவ்வளவு பலமானது அல்ல. அதோடு சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற புதுக் கார்களில் கன்வெர்ட்டர் உண்டு. ஜிங்கை அளவுக்கு மீறி ஏற்றினால் அந்தக் கன்வெர்ட்டர் வீணாகும்.

மாற்றும் முறை

முதலில் கசிவை முடியுங்கள். டைமிங் பெல்ட் மாற்றும் வேளை வந்திருந்தால் கிராங்க் முன் சீல், கேம் சீல் இரண்டையும் அதோடு சேர்த்து மாற்ற வேண்டும். பெல்ட்டைக் கழற்றும் கூலி ஒன்றுதான். புது சீலை அடிக்கும் முன் ஷாஃப்ட்டில் பழைய உதடு உரசிய கோடு நகத்தில் தட்டுகிறதா பாருங்கள். தட்டினால் சீலைக் கொஞ்சம் முன்னே தள்ளி, தேயாத இடத்தில் உட்கார வைக்க வேண்டும். உதட்டில் ஆயில் தடவாமல் மாட்டினால் முதல் ஸ்டார்ட்டிலேயே அது கருகும். டிஸ்ட்ரிபியூட்டர் ஓ-ரிங், டப்பெட் கவர் பேக்கிங் இரண்டும் சல்லிசு. கிராங்க் பின் சீலுக்குக் கியர்பாக்ஸ் இறக்க வேண்டும். கிளட்ச் வேலை வரும்வரை காத்திருக்கலாம்.

உள்ளே ஜெல்லி கண்ட வண்டிக்குச் சம்ப்பை இறக்கி, ஸ்ட்ரெய்னரைக் கழுவுவது ஒன்றே வழி. டீசல் ஊற்றி இன்ஜினை ஓட்டிக் கழுவும் பழைய வழக்கம் இன்னும் சில ஷெட்டுகளில் உண்டு. செய்யவிடாதீர்கள். டீசலில் பேரிங்குக்கு வேண்டிய படலம் நிற்காது. கசடும் கரைவதற்குப் பதில் கட்டியாகக் கழன்று வலையில் போய் உட்காரும். வடித்த பிறகும் உள்ளே தங்கும் டீசல் புது ஆயிலை நீர்க்கச் செய்யும்.

நேராகச் சிந்தெடிக்குக்குப் போகாமல், இடையில் ஒரு சுற்று வைத்துக்கொள்வது நல்லது. 15டபிள்யூ-40 மினரல், புது ஃபில்டர், 1,000 முதல் 1,500 கி.மீ. ஓட்டம். டீசல் வண்டிக்கான சிஐ-4 பிளஸ் என்ற ஏபிஐ தர ஆயிலில் பெட்ரோல் தரமும் சேர்த்து அச்சிட்டிருந்தால் அதையே இந்தச் சுற்றுக்கு ஊற்றலாம்; டிடர்ஜென்ட் அதிகம், விலையும் கட்டுப்படி. கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் அதைத் தொடர்ந்து ஊற்ற வேண்டாம். சுற்று முடிந்ததும் வடித்து, கழற்றிய ஃபில்டரை வெட்டித் திறந்து பேப்பர் மடிப்பைப் பாருங்கள். கருப்பு மாவு போல் இருந்தால் சுத்தம் நடக்கிறது, இன்னொரு சுற்று ஓட்டலாம். மினுமினுக்கும் உலோகத் தூள் தெரிந்தால் பேரிங்கைப் பார்க்க வேண்டும்.

மாற்றும் நாளில் பத்து நிமிடம் இன்ஜினை ஓட்டி, சமதளத்தில் நிறுத்தி, மேல் மூடியைத் திறந்துவிட்டு டிரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். சொட்டு அடங்கும்வரை, குறைந்தது கால் மணி நேரம் விட வேண்டும். போல்ட் வாஷர் ஒவ்வொரு முறையும் புதிது. நீளக் குழாய் மாட்டி ஸ்பேனரை இழுக்காதீர்கள்; சம்ப் மரை போனால் அதுவே தனிக் கசிவு. ஃபில்டரைக் கழற்றியதும் பழைய ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அதன் மேல் புது ஃபில்டரை மாட்டினால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும். சாலையில் பிதுங்கி, ஓரிரு நிமிடத்தில் மொத்த ஆயிலும் கீழே போய்விடும். புது வளையத்தில் ஆயில் தடவி, பிளாக்கைத் தொட்டதும் கையாலேயே முக்கால் சுற்று. அதற்கு மேல் வேண்டாம்.

800-க்குப் பிடிப்பது மூன்று லிட்டருக்குள்தான். பலர் மூன்று லிட்டர் கேனை அப்படியே கவிழ்த்துவிடுகிறார்கள். முதலில் இரண்டரை லிட்டர் ஊற்றி, ஐந்து நிமிடம் பொறுத்து, டிப்ஸ்டிக் பார்த்து, பிறகு நூறு நூறு மில்லியாகச் சேருங்கள். மட்டம் மேல் கோட்டைத் தாண்டினால் கிராங்க் அதை அடித்து நுரையாக்கும், அழுத்தம் ஏறும், நல்ல சீலும் கசியும். “சிந்தெடிக் கசிவு” என்று வந்த சில வண்டிகளில் அரை லிட்டர் கூடுதலாக இருந்ததைத் தவிர வேறு குற்றமே இருக்காது.

ஸ்டார்ட் செய்யும் முன் காயில் ஒயரை எடுத்துவிட்டு, ஐந்து ஐந்து விநாடியாகச் செல்ஃப் அடித்து, சிவப்பு விளக்கு அணைவதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் நிறைந்த பிறகே இன்ஜின் எரிய வேண்டும். ஒரு நிமிடம் ஐட்லிங், நிறுத்தி ஐந்து நிமிடம், மறுபடி மட்டம், அடியில் ஈரம்.

மாற்றிய பிறகு

இன்ஜின் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்து உலர்த்தி, சந்தேகமான இடங்களில் டால்கம் பவுடர் தூவி, பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். நனைந்த கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் கசியும் இடம். ராத்திரியில் அடியில் ஒரு அட்டைப் பெட்டியை விரித்து வைத்து, காலையில் சொட்டுகளைச் சுற்றித் தேதியோடு கோடு போட்டால் கூடுகிறதா குறைகிறதா என்பது இரண்டு வாரத்தில் தெரியும். ஓர் ஈரப் படலம் வந்து அப்படியே நின்றால் விட்டுவிடலாம். சொட்டு கூடிக்கொண்டே போனால் அந்தச் சீலை மாற்றுங்கள், ஆயிலை மாற்றாதீர்கள். தடித்த ஆயிலுக்குத் திரும்பினால் சொட்டு குறையும், ஆனால் அழுக்கு மறுபடி வந்து அடைக்கும் என்று எதிர்பார்ப்பது பராமரிப்பு ஆகாது. கசிவு நிறுத்தும் மருந்து என்று விற்பவை ரப்பரை மிதமிஞ்சி உப்ப வைத்து மிருதுவாக்கும். சில மாதம் நிற்கும், பிறகு சீல் கிழிந்தே வரும்.

டப்பெட் சத்தம் கூடியதாகத் தோன்றலாம். ஆயிலைக் குறை சொல்லும் முன் வால்வு இடைவெளியை அளந்து பாருங்கள். மெலிந்த ஆயில் புதுச் சத்தத்தை உண்டாக்காது, தடித்த ஆயில் அமுக்கி வைத்திருந்த சத்தத்தைக் கேட்க வைக்கும். 1,000 கிலோமீட்டருக்குள் ஆயில் கருத்தால் பயப்பட வேண்டாம், கசடைச் சுமப்பதுதான் அதன் வேலை. கருப்போடு பெட்ரோல் வாடையும் சேர்ந்தால் மட்டும் பம்ப், சோக் பக்கம் திரும்ப வேண்டும். வழியில் மட்டம் குறைந்து கையில் மினரல்தான் இருக்கிறது என்றால் தயங்காமல் ஊற்றலாம். ஏபிஐ தர ஆயில்கள் ஒன்றோடு ஒன்று கலக்கக்கூடியவையாகவே இருக்க வேண்டும் என்பது விதி; உறையாது, திரியாது.

இன்னொரு கணக்கு பாக்கி. சிந்தெடிக் ஆயில் மினரலைவிட இரண்டு மடங்குக்கு மேல் விலை. பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடினால் சரியாகிவிடும் என்பது விற்பவரின் வாதம். இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு அது பொருந்தும். கார்புரேட்டர் வண்டியில் காலைச் சோக்கிலும், குறுகிய ஓட்டத்திலும் கொஞ்சம் பெட்ரோல் சுவர் வழியாக ஆயிலில் இறங்கிக்கொண்டே இருக்கும். தேய்ந்த ரிங் வழியாக நீராவியும் கரியும் இறங்கும். அடிப்படை ஆயில் எவ்வளவு உயர்ந்ததானாலும் இந்தக் கலப்படத்தைத் தடுக்க அதனால் முடியாது. எனவே இந்த வண்டிக்கு எந்த ஆயிலானாலும் 5,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுத்து, வருடத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டும் வண்டிக்கும் அதே ஒரு வருடம்தான். எடுத்தால் அரை மணி நேரமாவது ஓட்டி ஆயிலை நன்றாகச் சூடேற்ற வேண்டும். மூடிக்கடியில் மோர் போல வெள்ளைப் படலம் கண்டால் அது பெரும்பாலும் வெறும் ஈரம். நீண்ட ஓட்டத்தில் போய்விடும். போகவில்லை, ரேடியேட்டர் தண்ணீரும் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள்.